வினாயகபுரத்துக் கம்பனி வண்டி

கல்முனையிலிருந்து வினாயகபுரத்துக்குப் போவதென்றால் பொத்துவில் பஸ்சில் ஏற வேண்டும். ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரம். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று ஊர்கள் வரிசையாக வரும். இடது பக்கம் தென்னைகளுக்கு அப்பால் கடல், வலது பக்கம் வயல். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்தத் தெருவில், ஓர் ஊரவர் அடுத்த ஊரைக் கடந்து போகப் பயந்த காலம் ஒன்று இருந்தது. அன்று பஸ்சில் என் பக்கத்தில் இருந்த தம்பிலுவில் அம்மா ஒருவர் தன் மரக்கறிப் பையை என் மடியில் வைத்துவிட்டு நித்திரையாகிவிட்டார். அக்கரைப்பற்று தாண்டியதும் நான்தான் அவரை எழுப்பினேன்.

நான் போனது வாகனம் பார்க்க அல்ல. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு எந்தெந்த ஆவணங்கள் இன்னும் கைக்கு வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. சமூகவியல் படித்தவள் என்பதால் கையில் எப்போதும் ஒரு வினாக்கொத்து இருக்கும். வீட்டுத் தலைவர் யார், வருமானம் எவ்வளவு, அசையும் சொத்து என்ன, அசையாச் சொத்து என்ன என்று அது கேட்கும்.

மூன்றாவது வீட்டின் வளவுக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டேன். மாமரத்தின் கீழ் ஒரு கிடுகுக் கொட்டில். அதற்குள் ஒரு பெரிய பழைய வாகனம். முன்பக்கம் பார்த்தால் ஜீப். பின்பக்கமோ கூரையும் கண்ணாடியுமாக ஒரு சின்ன அறை போல நீண்டிருந்தது. பச்சை வர்ணம் பல இடங்களில் மங்கிப் போயிருந்தாலும் துருவைக் காணவில்லை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக் காற்றில், ஒரு வாகனத்தை இப்படி வைத்திருப்பதென்றால் தினமும் யாரோ துடைக்க வேண்டும்.

“அது கம்பனி வண்டி மகள். உள்ள வாங்க, வெயில்ல நிக்காம” என்றார் அந்த அம்மா. அறுபதை நெருங்கும் வயது. நெற்றியில் குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலி. 1990 இல் அவருடைய கணவர் கொண்டுபோகப்பட்டார். அன்று அவருக்கு வயது 24, கையில் ஒரு வயதுப் பெண்குழந்தை.

அன்று முழுவதும் எங்கள் பேச்சு அந்த வண்டியைச் சுற்றியே வந்தது. வினாக்கொத்தில் ‘அசையும் சொத்து’ என்ற இடத்தில் ‘வாகனம் 1’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படி எழுத மனம் வரவில்லை. அதனால்தான் சகோதரிகளே, இதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் இப்படியான வாகனத்தை ‘ஸ்ரேசன் வாகன்’ என்பார்கள். ரயில் நிலையத்துக்கு வந்து இறங்குபவர்களையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் வீட்டுக்கு ஏற்றிப் போகும் வண்டி என்பதால் அந்தப் பெயர். நமது கரையோரத்தில் ரயிலே இல்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் பெயர் மட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஆரம்பத்தில் அந்த வண்டிகளின் பின்பாகத்தை மரத்தால் செய்தார்கள். மழையிலும் வெயிலிலும் மரம் உக்கிப்போகும், பராமரிப்பதும் கஷ்டம். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, இராணுவத்துக்கு ஜீப் செய்துவந்த வில்லிஸ் என்ற அமெரிக்கக் கம்பனி, 1946 இல் முழுவதும் இரும்புத் தகட்டால் ஒரு ஸ்ரேசன் வாகனைச் செய்து விற்கத் தொடங்கியது. வடிவமைத்தவர் புறூக்ஸ் ஸ்ரீவன்ஸ் என்பவர். சனங்களுக்கு மரப்பெட்டி வண்டியைப் பார்த்தே பழக்கம் என்பதால், இரும்பின் மேல் மரம் போலத் தெரியும்படி வர்ணம் பூசி விற்றார்கள். ஏழு பேர் இருக்கலாம். சாரதியின் இருக்கையைத் தவிர மற்ற இருக்கைகளைக் கழற்றி எடுத்துவிட்டுச் சாமான் ஏற்றலாம். பின்கதவு இரண்டு துண்டு. மேல் துண்டு மேலே திறக்கும், கீழ்த் துண்டு பலகை போலக் கீழே விழும்.

பிறகு அங்கே இன்னும் பெரிய வண்டிகள் வந்தன. போர்ட் கம்பனியும் செவர்லெட் கம்பனியும் செய்த வாகன்களில் ஒரு குடும்பம் பிள்ளைகள், நாய், கூடாரம் சகிதம் ஏறிப் போகலாம். 1950களிலும் 60களிலும் அமெரிக்க நகரங்களின் புறத்தே புதிய வீடுகள் எழும்பியபோது, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதும் கடைக்குப் போவதும் தாய்மாரின் வேலையாயின. அந்த வேலைக்கு அவர்கள் ஓட்டியது பெரும்பாலும் வாகன்தான். 1973 இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியதும் அந்தப் பெரிய வண்டிகளுக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. 1980களில் சிறிய வான்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1996 ஓடு அந்தப் பழைய பாணிப் பெரிய வாகன்களைச் செய்வதை அமெரிக்கக் கம்பனிகள் நிறுத்திவிட்டன. இன்று அங்கே அவற்றைத் தேடி வாங்கிப் பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் அதன் பின் இருக்கையில் இருந்து போனவர்கள் பலர் அவர்களில் உண்டு.

வினாயகபுரத்துக்கு அமெரிக்க வண்டி எப்படி வந்தது? அம்பாறை மாவட்டத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை கட்டும் வேலையை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த மொறிசன்-நூட்சன் என்ற கம்பனி செய்தது. காட்டை அழிக்கவும் மண்ணை நிரப்பவும் பெரிய பெரிய இயந்திரங்கள் கடல் கடந்து வந்தன. அந்த அணையின் நீர்த்தேக்கத்தைத்தான் இன்று சேனநாயக்க சமுத்திரம் என்கிறோம்.

அம்மாவின் மாமனார் இளந்தாரியாக அங்கே கூலி வேலைக்குப் போனவர். வெள்ளைக்காரச் சாரதிகளுக்கு ரயர் கழற்றிக் கொடுத்து, எண்ணெய் துடைத்து, கடைசியில் தானும் ஓட்டப் பழகிவிட்டார். 1956 ஜூனில் கல்லோயாப் பகுதியில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது உயிர் தப்பிக் கரையோரத்துக்கு ஓடிவந்தவர், பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் போகவில்லை. சில வருடங்கள் கழித்து, கல்முனை வியாபாரி ஒருவரிடம் இரண்டாம் கையாக இந்த வண்டியை வாங்கினார். கம்பனி விட்டுப்போன வண்டிகளில் இதுவும் ஒன்று என்று அவர் சொல்வாராம். அதற்கு எழுத்தில் சாட்சி ஏதும் இல்லை. ஆனால் ஊர் அதைக் கம்பனி வண்டி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்கள். வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து 1957 இல்தான் வந்தது. 1958 இல் தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்தின் மேல் தார் பூசிப் போராட்டம் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். “எங்கட வண்டிக்குத் தார் பூசத் தேவை வரல்ல. அது சண்டைக்கு முந்தின வண்டி” என்று அம்மா சிரித்தார்.

அந்தக் காலத்தில் ஊரில் இருந்த ஒன்றிரண்டு கார்கள் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் என்று சின்னக் கார்கள். நாலு பேர் ஏறினால் நிறைந்துவிடும். கம்பனி வண்டியில் கதிர்காமத்துக்கு ஒரு குடும்பமே போனது. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கிழவிமாரை ஏற்றிப் போனது. வயலுக்கு விதைநெல் போனது. பிள்ளைப்பேற்றுக்கு அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பிள்ளையோடு அதிலேயே திரும்பி வந்தார்கள். செத்த வீட்டுக்கு இருக்கைகளைக் கழற்றிவிட்டால் பெட்டி நேராக உள்ளே போகும்.

“இந்த ஊர்ல பாதிப்பேர் இதுல ஏறித்தான் பிறந்த. மற்றப் பாதிப்பேர் இதுலதான் போன” என்றார் அம்மா.

பெரிய வண்டியை ஏன் ஒருவர் விரும்புகிறார் என்று கேட்டால் பகட்டு என்றுதான் முதலில் நினைப்போம். எங்கள் ஊர்களிலும் அப்படியான பகட்டுக்குக் குறைவில்லை. ஆனால் இந்த வீட்டில் நான் கண்டது வேறு. வாகனம் இல்லாத ஊரில் அவசரத்துக்கு ஒருவரைக் கேட்டுப் போக வேண்டும். அவர் வர மறுக்கலாம், இரட்டிப்புக் காசு கேட்கலாம். பெரிய வண்டி வளவுக்குள் நின்றால் கேட்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், அடுத்த வீட்டாரை ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பவும் வேண்டியதில்லை. இடம் இருப்பதுதான் அதன் பெருமை.

மாமனாருக்குப் பிறகு மகன் வண்டியை எடுத்தார். அவர்தான் அம்மாவின் கணவர். கையெழுத்து வைத்துப் பெயரை மாற்றிக் கொடுத்தது 1988 இல். இரண்டு வருடம் அவர் அதை ஓட்டினார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அந்த வருடம் இந்தக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பட்ட பாட்டை ஒரு பக்கத்தில் எழுதி முடிக்க இயலாது. தமிழ் ஊர்களில் சுற்றிவளைப்புகளில் கொண்டுபோகப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பவில்லை. ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். என் உம்மாவும் அந்த நாட்களில் எங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்ததைச் சொல்லுவா. ஒரே தெருவில் இருந்த ஊர்கள் ஒன்றையொன்று பார்க்காமல் முகம் திருப்பிக்கொண்டன.

கணவர் கொண்டுபோகப்பட்ட அன்று வண்டி கொட்டிலில் நின்றது. திறப்பு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. இரண்டு வருடம் வண்டி அசையவில்லை. வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அக்கரைப்பற்று முஸ்லிம். ‘காக்கா’ என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் இந்தப் பக்கம் வர இயலாது, இவர்கள் அந்தப் பக்கம் போக இயலாது. நிலைமை கொஞ்சம் தணிந்ததும் ஒருநாள் பஸ் கொண்டக்டர் ஒருவர் கடதாசிப் பார்சல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே திறப்புப் போடும் புதிய சுவிச்சும் அதற்குரிய திறப்பும் இருந்தன. எப்படிப் பூட்டுவது என்று காக்கா படம் கீறி அனுப்பியிருந்தார். காசு கேட்டு ஒரு வரியும் இல்லை.

“பெத்த தகப்பனப் போல நினைச்சவர். அவர்ட மௌத்துக்கு இதே வண்டியிலதான் போன நான்” என்றார் அம்மா. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

பழைய வண்டி ஏன் இத்தனை காலம் ஓடுகிறது என்று காக்கா அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். இதன் இயந்திரம் பெற்றோலைக் குறைந்த அழுத்தத்தில் எரிப்பது. அதனால் தரம் குறைந்த எண்ணெயையும் சமாளிக்கும். கணினிப் பெட்டி எதுவும் உள்ளே இல்லை. பற்றறி இறங்கினால் முன்பக்கம் கம்பி போட்டுக் கையால் சுழற்றி இயக்கலாம். சாதாரண வில்லிஸ் ஜீப்பின் இயந்திரமே இதிலும் இருப்பதால் உதிரிப்பாகமும் தேடினால் கிடைக்கும். வடக்கில் 1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் ஒரு துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியதை எங்களில் பலர் அறிவோம். இல்லாத காலத்தில் பழசுதான் கைகொடுத்தது.

புதிய திறப்பு வந்த பிறகு, வண்டியை ஓட்ட ஆள் இல்லை. மாமனாருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. இளம் ஆண்கள் ஸ்ரியறிங்கைப் பிடித்தால் ஒவ்வொரு தடைமுகாமிலும் இறக்குவார்கள். ஒருநாள் மாமனார் மருமகளைக் கூப்பிட்டு, “புள்ள, ஏறி இரி” என்றார். வளவுக்குள்ளேயே பழக்கினார். அவர் பக்கத்தில் இருந்து கியரைச் சொல்லுவார், இவர் கால் எட்டாமல் தலையணை வைத்துக்கொண்டு ஓட்டுவார். தென்னை ஒன்றில் மோதிய அடையாளம் இன்னும் முன்பக்கத்தில் இருக்கிறது. தென்னையிலும் இருக்கிறது.

பொம்பிளை ஜீப் ஓட்டுகிறாள் என்று ஊர் சிரித்தது. புருசனைக் காணவில்லை, இவளுக்கு வண்டி கேட்குது என்றும் சொன்னார்கள். முதல் பிரசவக் கேஸ் ஒன்றை இரவில் அக்கரைப்பற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. 2002 இல் போர்நிறுத்தம் வந்தது. மறு வருடம் அவர் முறையாகச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தார்.

2004 டிசம்பர் 26. சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கல்முனைக் கரையில் எங்கள் உறவுகளும் போனார்கள். அன்று காலை வினாயகபுரத்தில் தண்ணீர் வற்றிய பிறகு, அம்மா இருக்கைகளைக் கழற்றி வீசிவிட்டு வண்டியை எடுத்தார். எத்தனை நடை போனார் என்று அவருக்கு நினைவில்லை. ஒரு நடையில் பிள்ளைகளும் பெரியவர்களுமாக 18 பேர் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. இறங்கும்போது எண்ணிப் பார்த்தாராம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, ‘இந்த வண்டி உங்களுடையதுதானே’ என்று கேட்பது அநாவசியம் போலத் தோன்றும். ஆனால் என் வினாக்கொத்தில் அந்தக் கேள்வி இருந்தது. அம்மா எழுந்து போய் வண்டிக்குள்ளிருந்து ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே வருடா வருடம் பிரதேச செயலகத்தில் எடுத்த வருமான அனுமதிப்பத்திரங்கள். ஒன்றையும் எறியவில்லை. எல்லாவற்றிலும் உரிமையாளர் பெயர் ஒன்றுதான். கணவரின் பெயர்.

“கூப்பன்ல அவர்ட பேர வெட்டிட்டாங்க. வாக்காளர் இடாப்பிலயும் இல்ல. இந்த நாட்டுல அவர்ட பேர் அடிச்சு வாற கடதாசி இது ஒண்டுதான் மகள். வருசத்துக்கு ஒருக்கா நான் போய்க் காசு கட்டி வாங்கிட்டு வாறன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. பழைய வண்டிகளைச் சேர்க்கும் கொழும்புக்காரர் ஒருவர் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு மகள் வாயில் கைவைத்துவிட்டாள். மகள் இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுடைய வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது. ‘விப்பம் அம்மா’ என்றாள். அவள் கேட்டதில் பிழையில்லை. தகப்பனின் முகமே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அது லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் கூட ஓடாத ஒரு பழைய ஜீப்.

விற்பதென்றால் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். உரிமையாளர் இல்லையென்றால் மரணச் சான்றிதழ் வேண்டும். 2010 ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டத்தின் கீழ், காணாமற்போன ஒருவருக்கு மரணப் பதிவு எடுக்கும் வழி இருக்கிறது. அம்மா அதை எடுக்கவில்லை. “நான் காணாத சாவுக்கு நான் எப்படிக் கையெழுத்து வைக்கிற?” என்று கேட்டார். 1994 இல் அமைத்த ஆணைக்குழுவுக்கும் 2013 இல் அமைத்த ஆணைக்குழுவுக்கும் போய், கொண்டுபோன நாளையும் இடத்தையும் சொன்னவர் அவர். அவருக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

தாய்க்கும் மகளுக்கும் இடையில் அந்த வண்டி ஒரு வருடம் பேச்சில்லாமல் நின்றது.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டார்கள். வண்டியின் செசி இலக்கத்தை அம்மா மனப்பாடமாகச் சொல்லிப் பதிந்தார். வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலை வேறெதற்கும் தொடாமல், கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் என்று வைத்திருந்தார். அந்த மாதங்களில் ஒருநாள் இரவு மகளின் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஓட்டோக்காரர்களிடம் எண்ணெய் இல்லை. கம்பனி வண்டிதான் போனது. அதற்குப் பிறகு விற்கும் கதையை மகள் எடுக்கவில்லை.

ஆனால் வண்டி தன் செலவைத் தானே தேட வேண்டும் அல்லவா? பழைய வண்டியைப் பூவால் சோடித்து மாப்பிள்ளை பெண்ணை ஏற்றுவது இப்போது எங்கள் பக்கத்திலும் வந்திருக்கிறது. மகள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். முதலில் வந்த வீட்டாருக்கு வண்டி பிடித்துவிட்டது. முற்பணம் கொடுக்கும்போது, “ஓட்ட ஒரு ஆம்பிளையப் போடுங்க” என்றார்கள். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். கேட்டால் நல்ல காரியம் என்பார்கள்.

சகோதரிகளே, இது உங்களில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் உழைப்பு வேண்டும். எங்கள் சமையல் வேண்டும், எங்கள் வண்டியும் வேண்டும். நாங்கள் மட்டும் முன்னுக்கு வரக் கூடாது. இதில் தமிழர், முஸ்லிம் என்ற பேதம் இல்லை. என் சமூகத்திலும் கணவனை இழந்த பெண்ணைக் கலியாண வீட்டின் பின்கதவால் கூப்பிடும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

“வண்டி வேணுமெண்டா நான்தான் ஓட்டுவன்” என்று அம்மா முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாதம் வருமானம் இல்லை. அடுத்த மாதமும் இல்லை.

மூன்றாவது மாதம் ஒரு பெண் தானாகவே வந்தாள். அவளுடைய தகப்பனும் காணாமற்போனவர். தன் கலியாணத்துக்கு வண்டி வேண்டும் என்றாள். “ஓட்டுறது ஆர்?” என்று அம்மாவே முந்திக்கொண்டு கேட்டார். “நீங்கதான் மாமி. வேற ஆர்?” என்றாள் அவள். அன்று காலை அம்மா வண்டியைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தார். பட்டுச்சேலை உடுத்தார். கோவில் வாசலில் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். யாரோ ஏதோ சொன்னார்களாம். பெண் திரும்பிப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு நாலைந்து கலியாணங்கள் போய்விட்டன. எல்லோரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுபவர்கள் ஓட்டுபவரையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள்.

நான் கொண்டுபோன படிவத்தை எடுத்தேன். 2016 இல் அந்தத் தற்காலிகச் சட்டத்தைத் திருத்தியபோது, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெறும் வழி வந்தது. அது ஆள் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்கிறது. இதை வைத்து நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க வழி தேடலாம். விற்பனைக்கும் பெயர் மாற்றத்துக்கும் இது மட்டும் போதும் என்று எண்ணிவிட வேண்டாம், அதற்குச் சட்ட ஆலோசனை பெறுங்கள். இந்தச் சான்றிதழையே வேண்டாம் என்று சொல்லும் தாய்மாரும் உண்டு. உண்மையைச் சொல்லாமல் கடதாசியைத் தருகிறார்கள் என்பது அவர்களுடைய கோபம். அந்தக் கோபம் நியாயமானது. எடுப்பதும் விடுவதும் அவரவர் முடிவு. யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது.

அம்மா நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இத எடுத்தா வண்டிக் கடதாசியில இருந்து அவர்ட பேர எடுத்திருவாங்களா?”

“இல்லம்மா. இந்தக் கடதாசி அவர் செத்துட்டார் எண்டு சொல்லாது. பேர் மாத்துறது வேற வேலை. நீங்க கேட்காம நடக்காது” என்றேன்.

படிவத்தை வாங்கி, தகரப்பெட்டியில் அனுமதிப்பத்திரங்களுக்கு மேல் வைத்து மூடினார். “மகளோட பேசிட்டுச் சொல்றன். எனக்குப் பிறகு அவளுக்கும் ஒரு கடதாசி வேணும்தானே” என்றார்.

பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. நடந்து போகிறேன் என்றேன், விடவில்லை. வண்டி முதல் திருப்பிலேயே இயங்கியது. பெரிய சத்தம், பெரிய ஸ்ரியறிங், உயரத்தில் இருக்கை. அவ்வளவு உயரத்திலிருந்து நான் எங்கள் பக்கத்துத் தெருவை முன்பு பார்த்ததில்லை. வேலிகளுக்கு மேலால் வீட்டு முற்றங்கள் தெரிந்தன. வழியில் பாடசாலை விட்டு வந்த நாலு பிள்ளைகள் கையைக் காட்டினார்கள். நிறுத்தி ஏற்றினார். கொஞ்சம் தூரத்தில் பனையோலைக் கட்டோடு நின்ற ஒரு கிழவியையும் ஏற்றினார். ஓலைக்கட்டு பின்கதவால் உள்ளே போனது. பிறகும் இடம் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து என் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. படிவத்தைத் தாயும் மகளும் சேர்ந்து நிரப்பிவிட்டார்களாம். விண்ணப்பதாரருக்கும் காணாமற்போனவருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார் அம்மா.

“மனைவி எண்டு எழுதுங்கம்மா” என்றேன்.

“அதத்தான் மகளும் சொன்னவள். சரியா எண்டு கேட்டுப்போட்டு எழுதுவம் எண்டு வச்சிருந்த நான்” என்றார்.

இப்படியான படிவத்தோடு யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் தங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள்.